அம்மாவின் கேண்டி க்ரஷ், என் பாதாளம்

"கேண்டி க்ரஷ்ஷையும் டஞ்சன் ஆர்பிஜியையும் ஒரே தராசில் வைக்கிறீர்களே, ஏன்? முன்னது வெறும் அதிர்ஷ்டம், கை போன போக்கில் தேய்த்தால் போதும். பின்னதற்கு மூளை வேண்டும். இதில் ஒப்பிட என்ன இருக்கிறது?" என்று ஒருவர் கேட்டிருந்தார்.

2025 ஜனவரி 11, சனி, இரவு 10.40

நிறைய இருக்கிறது. இரண்டும் எங்கள் வீட்டில் தினமும் ஓடுகின்றன. அம்மா கைப்பேசியில் ஒரே நிற மிட்டாய்களை மூன்று மூன்றாகச் சேர்த்து உடைக்கும் கேண்டி க்ரஷ் சாகா, என்னுடையதில் பாதாளத்துக்குள் இறங்கி அரக்கர்களோடு சண்டை போடும் டஞ்சன் ஆர்பிஜி வகையில் ஒன்றான ஷேட்டர்டு பிக்சல் டஞ்சன். இரவு சாப்பாடு முடிந்ததும் ஹாலில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து ஆளுக்கொரு திரையைத் தடவிக்கொண்டிருப்போம். நானும் உங்களைப் போலத்தான் பல வருடம் நினைத்தேன், அம்மா பொழுதுபோக்குகிறார், நான் விளையாடுகிறேன் என்று. இப்போது அப்படி நினைக்கவில்லை.

பிக்சல் டஞ்சன் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய பாணிப் புள்ளிப் படங்கள், மேலிருந்து பார்க்கும் பாதாளம், சாக்கடையில் தொடங்கி சிறை, குகை, குள்ளர்களின் நகரம், பேய்களின் மண்டபம் என்று ஐந்தைந்து மாடியாக இறங்க வேண்டும், ஒவ்வொரு ஐந்தாவது மாடியிலும் ஒரு பாஸ், அதாவது பெரிய அரக்கன், 26-வது மாடியில் நாம் தேடிப் போகும் தாயத்து. செத்தால் செத்ததுதான். கத்தி, கவசம், சேர்த்த காசு எல்லாம் போய்விடும், மறுபடி முதல் மாடி, அதுவும் புதிதாக வேறு மாதிரி அடுக்கிய முதல் மாடி. பரமபதத்தில் உச்சிக்குக் கொஞ்சம் முன்னால் காத்திருக்கும் பாம்பு ஒரே ஒரு கட்டத்தில்தான் இருக்கும். இங்கே எல்லாக் கட்டத்திலும் இருக்கிறது.

இப்போது அதிர்ஷ்டம் பற்றி. மேலிருந்து எந்த நிற மிட்டாய் விழும் என்று அம்மாவுக்குத் தெரியாது. அடுத்த அறையில் நண்டு இருக்கிறதா பெட்டி இருக்கிறதா என்று எனக்கும் தெரியாது. அம்மாவுக்கு 25 மூவ், அதாவது 25 நகர்த்தல், எனக்குப் பசிக்கு ஒரு ரொட்டித் துண்டு. இருப்பதை வைத்து, தெரியாததைச் சமாளிப்பது. ஆட்டத்தின் எலும்புக்கூடு ஒன்றுதான். அப்படியானால் வித்தியாசம் எங்கே? தோற்ற பிறகு என்ன நடக்கிறது என்பதில் இருக்கிறது என்று நினைக்கிறேன். கேண்டி க்ரஷ்ஷில் தோற்றால் திரையில் ஒரு கடை திறக்கும், தங்கக் கட்டி கொடுத்தால் இன்னும் ஐந்து மூவ். பிக்சல் டஞ்சனில் தோற்றால் எதனால் செத்தாய் என்று ஒரு வரி எழுதிக் காட்டும், அவ்வளவுதான். ஒன்று தோல்வியை விற்கிறது, இன்னொன்று தோல்வியை வைத்துப் பாடம் நடத்துகிறது.

2025 ஜனவரி 11, இரவு 11.15

விட்டுப்போனது. இரண்டும் ஆண்ட்ராய்டுக்கு வந்தது ஏறக்குறைய ஒரே நேரத்தில். கேண்டி க்ரஷ் சாகா 2012 ஏப்ரலில் பேஸ்புக்கில் வந்து, நவம்பரில் ஐபோனுக்கும் டிசம்பரில் ஆண்ட்ராய்டுக்கும் போனது. வாட்டாபூ என்ற பெயரில் எழுதும் ஒரே ஒருவர் செய்த மூலப் பிக்சல் டஞ்சன் வந்ததும் அதே 2012 டிசம்பர். அவர் பிறகு நிரல் முழுவதையும் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று வெளியிட்டுவிட, அதை எடுத்து 2014-இல் எவன் டெபன்ஹாம் தொடங்கியதுதான் ஷேட்டர்டு. இன்றுவரை அதை வளர்த்துக்கொண்டிருக்கிறார். ஆண்ட்ராய்டில் இலவசம், விளம்பரம் கிடையாது, விருப்பப்பட்டால் நன்கொடை தரலாம். இறந்ததும் கடை திறக்காததற்குக் காரணம், அங்கே கடையே இல்லை.

பூட்டன் பாட்டன் வரைக்கும் போனால், டஞ்சன் பக்கம் 1980-இல் கலிபோர்னியாவில் மைக்கேல் டாய், க்ளென் விக்மன் என்ற இரண்டு மாணவர்கள் எழுதிய ரோக். திரையில் படமே கிடையாது, எழுத்துகள்தான். நீங்கள் ஒரு @, அரக்கர்கள் ஏ முதல் இசட் வரை 26 எழுத்து. 26-வது மாடியில் யெண்டர் தாயத்து. என் கைப்பேசியில் நான் தேடி இறங்கும் தாயத்துக்கும் அதே பெயர். மிட்டாய்ப் பக்கம் 1994-இல் வந்த ஷரீக்கி என்ற ரஷ்ய விளையாட்டு, அப்புறம் 2001-இல் பிஜுவல்டு. வயதில் பாதாளம்தான் மூத்தது.

2025 ஜனவரி 12, ஞாயிறு, காலை

"கேண்டி க்ரஷ்ஷில் என்ன மூளை?" என்று மறுபடியும் கேட்டிருக்கிறார்கள். 2014-இல், ஆஸ்திரேலியாவில் பணிபுரியும் டோபி வால்ஷ் என்ற கணினி விஞ்ஞானி இதை ஒரு கணக்காக எடுத்து நிறுவினார். பலகை பெரிதாகிக்கொண்டே போனால், இத்தனை மூவுக்குள் இவ்வளவு மதிப்பெண் எடுக்க முடியுமா என்று எப்போதும் வேகமாகச் சொல்லிவிடும் பொது வழி இதுவரை யாரிடமும் இல்லாத கணக்கு வகையில்தான் இதுவும் சேரும் என்று. அம்மா ஆடும் ஒன்பதுக்கு ஒன்பது பலகையைப் பற்றி அது நேரடியாக எதுவும் சொல்லிவிடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் 'கை போன போக்கு' என்ற பேச்சு நிற்காது.

அம்மா எப்படி ஆடுகிறார் என்று நேற்று இரவு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இத்தனை வருடத்தில் முதல்முறை. பலகை வந்ததும் தொடவே மாட்டேன் என்கிறார். முதலில் எத்தனை நிறம் இருக்கிறது என்று பார்க்கிறார். ஆறு நிறம் என்றால் முகம் சுருங்குகிறது, நான்கு என்றால் உற்சாகம், ஏனென்றால் நிறம் குறையக் குறையத் தானாகச் சேர்ந்து உடைவது அதிகம். அப்புறம் மூலைகளைப் பார்க்கிறார். உடைத்துத் தீர்க்க வேண்டிய ஜெல்லி மூலையில் மாட்டினால் கடைசியில் அதற்கே பத்து மூவ் போகும் என்று முதலில் அங்கேதான் கை வைக்கிறார். மூலை முடிந்தால் கீழ் வரிசை, கீழே ஒன்றை உடைத்தால் மேலே உள்ளதெல்லாம் குலுங்கும், இலவசமாக ஏதாவது கிடைக்கும். ஐந்து சேர்த்துக் கிடைத்த கலர் பாமை உடனே வெடிக்காமல், பக்கத்தில் ஒரு வரிசையையே உடைக்கும் கோடு போட்ட மிட்டாய் வந்து சேரும்வரை ஆறு மூவ் காத்திருந்தார். நான் "அதை உடைங்கம்மா" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டேன். "சும்மா இருடா" என்றார். இரண்டையும் சேர்த்துத் தட்டியபோது அந்த நிறத்து மிட்டாய்கள் எல்லாமே கோடு போட்டதாக மாறிப் பலகை பாதி காலியானது.

இதே காத்திருப்பைத்தான் நான் கதவுக்குப் பக்கத்தில் ஒதுங்கி நின்று, அரக்கன் உள்ளே கால் வைக்கும் நொடியில் அடிக்கும்போது செய்கிறேன். அந்த அடி தப்பவே தப்பாது, அதனால்தான் நிற்கிறேன்.

2025 ஜனவரி 12, மதியம்

ஒரு திருத்தம். "அடுத்த அறையில் என்ன என்று எனக்குத் தெரியாது" என்று எழுதியது பாதி உண்மை. ஷேட்டர்டு கண்ணை மூடிக்கொண்டு சீட்டு எடுப்பதில்லை. ஒவ்வொரு ஐந்து மாடிக்கும் ஆயுதம், கவசத்தை மேம்படுத்தும் மந்திர ஓலையான அப்கிரேடு ஸ்க்ரால் மூன்று, பலம் தரும் மந்திரத் திரவமான போஷன் இரண்டு என்று கட்டாயம் வைத்துவிடுகிறது. எங்கே என்பதுதான் மாறும். அதேபோல மரத் தடுப்பு போட்டு அடைத்த அறை ஒரு மாடியில் இருந்தால், அதை எரிக்கிற தீ போஷனும் அதே மாடியில் எங்கோ கிடக்கும். பிரானா மீன் நீந்தும் குளத்துக்கு அந்தப் பக்கம் பெட்டி இருந்தால், மறைந்து போகும் போஷன் அங்கேயே இருக்கும். இது புரிந்த பிறகுதான் ஆட்டம் எனக்கு ஆட்டமாக ஆனது. போஷன்களின் நிறம் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் மாறும், இந்த முறை நீலம் தீயா மருந்தா என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் மரத் தடுப்பைப் பார்த்துவிட்டேன், இந்த மாடியில் கிடைத்த புது நிறம் இது ஒன்றுதான், அப்படியானால் நீலம் தீயாகத்தான் இருக்க வேண்டும். குடிக்காமலே கண்டுபிடித்தாயிற்று. முதன்முதலில் இது பிடிபட்ட நாள், ரயிலில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

கேண்டி க்ரஷ்ஷும் அப்படி ஒரேயடியாகக் கைவிட்டுவிடாது. நகர்த்த ஒரு மூவும் இல்லையென்றால் தானே பலகையைக் கலைத்துப் போடும். ஆனால் யோசித்து முன்கூட்டியே தெரிந்துகொள்ள அது இடம் தருவது குறைவு. விழப்போகும் மிட்டாய் விழும்வரை மறைவுதான். இந்த ஒரு விஷயத்தில் கேட்டவர் பக்கம் நியாயம் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

2025 ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

வீடு நிறைய ஆள். சித்தி, சித்தி பெண், மாமா வீட்டுப் பிள்ளைகள். சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவும் சித்தியும் பாயில் சாய்ந்து ஆடினார்கள். இரண்டு பேருக்கும் ஐந்தைந்து லைஃப். தோற்றால்தான் ஒன்று குறையும், ஜெயித்தால் குறையாது. போனது ஒன்று திரும்ப அரை மணி நேரம். ஐந்தும் தீர்ந்தால் முழுவதும் நிரம்ப இரண்டரை மணி நேரம்.

சித்திக்குச் சீக்கிரம் தீர்ந்துவிட்டது. மாமா பையன் ஒரு வித்தை காட்டினான், கைப்பேசியின் கடிகாரத்தை ஒரு நாள் முன்னால் தள்ளி வைத்துவிட்டுத் திரும்பத் திறந்தால் லைஃப் நிரம்பியிருக்கும். நாங்கள் கல்லூரியில் செய்த அதே வேலை. சித்தி சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். அம்மாவுடையதை வாங்கக் கை நீட்டினான், தரவில்லை. "தீர்ந்தா வெச்சிரணும். அதுக்குத்தானே அஞ்சு குடுத்திருக்கான்" என்றார். எழுந்து போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிட்டார்.

அம்மா அந்த ஐந்து லைஃபைத் தன் மதிய ஓய்வின் அளவாக வைத்திருக்கிறார் என்பது எனக்கு இன்றுதான் தெரிகிறது. அரை மணி நேரக் காத்திருப்பு என்பது காசு பிடுங்கும் தந்திரம் என்று நான் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். பொறுமை இல்லாதவரிடம் காசு வாங்கத்தான் அது அங்கே இருக்கிறது, அதில் எனக்கு இப்போதும் சந்தேகமில்லை. ஆனால் பொறுமை இருப்பவர் கையில் அது ஒரு வேலியாகிவிடுகிறது. இத்தனை வருடத்தில் அம்மா ஒரு ரூபாய் கொடுத்ததில்லை. முதல் நாள் "ஒன்று தோல்வியை விற்கிறது" என்று எழுதினேனே, விற்கிறது, சரி. வாங்காமலே ஆடுகிறவர் என் வீட்டிலேயே இருப்பதை மறந்துவிட்டு எழுதினேன்.

2025 ஜனவரி 16, அதிகாலை 2.05

பத்தாவது மாடி, டெங்கு. நம்ம ஊர்க் காய்ச்சல் இல்லை, சிறைப் பகுதியின் பாஸ், முகமூடி போட்ட கொலையாளி, இடம் மாறி இடம் மாறிப் பொறி வைப்பான். கடைசி நான்கு ஹெச்பியில், அதாவது நான்கு உயிர்ப் புள்ளியில், தப்பிவிட்டான், நான் செத்தேன். உடனே இன்னொன்று ஆரம்பித்தேன். அது மூன்றாவது மாடியில் முடிந்தது. இன்னொன்று. மணி இரண்டு.

பிக்சல் டஞ்சனில் லைஃப் தீர்வதே இல்லை. யாரும் "போதும், எழுந்திரு" என்று சொல்ல மாட்டார்கள். பசி இருக்கிறது, 300 டர்னில், அதாவது 300 முறை ஆடியதும், பசிக்கும், 450-இல் பட்டினி, உயிர் குறையத் தொடங்கும். ஆனால் அது பாதாளத்தில் இருக்கிற ஆளின் பசி, என் தூக்கத்தைப் பற்றி அதற்குக் கவலை இல்லை. மேலே அம்மாவைப் பற்றி எழுதியதற்கும் இதற்கும் நடுவில் ஒரு பகல்கூட ஆகவில்லை. காசு வாங்காத விளையாட்டு என்பதாலேயே அது என்னிடமிருந்து எதையும் எடுத்துக்கொள்வதில்லை என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். காலை ஏழு மணிக்கு ஷிப்ட்.

2025 ஜனவரி 19, ஞாயிறு

காசு பற்றிப் பேச்சு வந்ததால் டயாப்லோ பக்கம் போகாமல் இருக்க முடியாது. "டஞ்சன் கேம் என்றாலே நேர்மை" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அப்படி இல்லை.

1997 தொடக்கத்தில் கடைக்கு வந்த முதல் டயாப்லோ, ட்ரிஸ்ட்ரம் என்ற ஊரின் பாழடைந்த தேவாலயத்துக்குக் கீழே 16 மாடி. ரோக்கின் நேர் வாரிசு. அது முதலில் பிக்சல் டஞ்சன் மாதிரி, நீ ஒரு அடி, அவன் ஒரு அடி என்று முறை வைத்து ஆடுவதாகத்தான் இருந்தது. மேலிடத்தில் வற்புறுத்தியதால் ஒரு மதியம் உட்கார்ந்து நேரடி ஓட்டமாக மாற்றிப் பார்த்ததாகவும், எலும்புக்கூட்டைச் சொடுக்கியதும் வீரன் ஓடிப்போய் அடித்தபோதே எல்லாம் தெளிவாகிவிட்டதாகவும் அதைச் செய்த டேவிட் ப்ரெவிக் 2016-இல் மேடையில் சொன்னார். டஞ்சன் உலகம் அங்கே இரண்டாகப் பிரிந்தது என்பேன். நமக்காகக் காத்திருக்கும் பாதாளம் ஒன்று, காத்திருக்காத பாதாளம் ஒன்று.

அதே 2016 பிப்ரவரியில் இன்னொன்றும் நடந்தது. டயாப்லோவின் சொந்தக்காரர்களான ஆக்டிவிஷன் பிளிசார்டு, கேண்டி க்ரஷ்ஷின் கிங் நிறுவனத்தை 590 கோடி டாலருக்கு வாங்கினார்கள். 2023 அக்டோபரில் இரண்டையும் சேர்த்து மைக்ரோசாஃப்ட் வாங்கிவிட்டது. ஆக, மூளை வேண்டும், வேண்டாம் என்று நாம் இங்கே பிரித்துக்கொண்டிருக்கும் இரண்டும் ஒரே வீட்டில் ஒரே கல்லாவில்தான் பணம் போடுகின்றன.

நடுவில் 2022 ஜூனில் டயாப்லோ இம்மார்ட்டல் வந்தது, கைப்பேசிக்கு. 2018-இல் அறிவித்தபோதே அரங்கில் ரசிகர்கள் முகம் சுளித்தார்கள். ஆடிப் பார்த்தால் அடிதடி அருமையாக இருக்கும், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் பாதாளத்துக்குள் நுழையும் முன் ஒரு முத்திரையைச் செலவழித்தால் உயர்ந்த ரத்தினம் கிடைக்க வாய்ப்பு கூடும், அந்த முத்திரையைக் காசுக்கு வாங்கலாம். இந்தக் குலுக்கல் பெட்டி முறைக்கு எதிரான சட்டங்களால் பெல்ஜியத்திலும் நெதர்லாந்திலும் அது வெளியாகவே இல்லை.

என் கதைக்கு வருகிறேன். வேறொரு டஞ்சன் கேம், பெயர் வேண்டாம். இரண்டு வருடத்துக்கு முன் அதில் மூன்று வாரத்தில் 2,300 ரூபாய் போட்டேன். 89 ரூபாய், 159 ரூபாய் என்று சின்னச் சின்னதாக. கிடைத்த வாள் அடுத்த மாதமே பழசாகிவிட்டது. அப்போதும் நான் அம்மாவைப் பார்த்து "மிட்டாய் தேய்க்கிறீங்களா" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதனால் கேஷுவல் (சும்மா பொழுதுபோக்கு), ஹார்டுகோர் (தீவிர ஆட்டம்) என்று பிரிப்பதை நான் விட்டுவிட்டேன். ஆட்டத்துக்கு நடுவில் கல்லா எங்கே வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள், ஆட்டம் நமக்காக எவ்வளவு நேரம் காத்திருக்கும் என்று பாருங்கள். அதுதான் எனக்குப் பயன்படுகிறது.

2025 ஜனவரி 19, கொஞ்ச நேரம் கழித்து

காத்திருப்பது என்று எழுதியதும் ஒன்று ஞாபகம் வந்தது. அம்மா கேண்டி க்ரஷ் ஆரம்பித்தது 2014-இல், அப்பா மருத்துவமனையில் இருந்த பதினெட்டு நாளில். தாழ்வாரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி. சித்திதான் கைப்பேசியில் போட்டுக் கொடுத்தார். எந்த நொடியில் கதவு திறந்து பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள் என்று தெரியாது. மூவ் கணக்கு வைத்த பலகை அப்படியே நிற்கும், வெளியே போய்விட்டு வந்தால் அதே இடத்தில் தொடரலாம். நேரக் கணக்கு வைத்த லெவலும் அப்போது இருந்தது, அது வந்தால் தொடவே மாட்டேன், அப்படியே மூடி வைத்துவிடுவேன் என்று நேற்று கேட்டபோது சொன்னார். "கையில ஏதாவது இருக்கணும்டா, ஆனா அது என்னைப் பிடிச்சு வெச்சுக்கக் கூடாது."

பிக்சல் டஞ்சனும் அப்படித்தான். ரயிலில் கூட்டம் நெருக்கினால் கைப்பேசியைப் பையில் போட்டுவிடுவேன், அரக்கன் ஓங்கிய கையோடு மாலைவரை நிற்பான். இம்மார்ட்டலில் நிற்க மாட்டான். இந்த ஒரு விஷயத்தில் என் ஆட்டம் டயாப்லோவைவிட அம்மாவின் ஆட்டத்துக்குத்தான் நெருங்கிய சொந்தம்.

2025 ஜனவரி 26, ஞாயிறு

இடம் மாற்றி ஆடலாம் என்று ஒப்பந்தம். நான் கேண்டி க்ரஷ், முதல் லெவலிலிருந்து, அம்மாவின் சட்டப்படி, ஐந்து லைஃப் தீர்ந்தால் வைத்துவிட வேண்டும். அம்மா என் கைப்பேசியில் பிக்சல் டஞ்சன்.

எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறது, ஆங்கிலம் வேறு, அதனால் நான் பக்கத்தில் இருந்து படித்துச் சொன்னேன். வேட்டைக்காரியைத் தேர்ந்தெடுத்தார். "அம்பு தீராதா?" என்று கேட்டார். தீராது என்றதும் அவளைத்தான் பிடித்தது. முதல் மாடியில் ஒரு அறை விடாமல் பார்த்தார், புல்லை எல்லாம் மிதித்துப் பார்த்தார், நான் வழக்கமாக விட்டுவிட்டு ஓடும் சந்துகளில் எல்லாம் நின்று தேடினார். ஒரு மறைவுக் கதவு கண்டுபிடித்தார். நான் ஆடியிருந்தால் அதைத் தாண்டிப் போயிருப்பேன்.

ஆனால் எதையும் பயன்படுத்த மாட்டேன் என்கிறார். நான்கு போஷன், மூன்று ஸ்க்ரால் பையில். "என்னன்னு தெரியாம எப்படிக் குடிக்கிறது, அப்புறம் தேவைப்படும்" என்கிறார். ஒரே மாதிரிக் குறி போட்ட ஸ்க்ரால் ஆரம்பத்திலேயே இரண்டு கிடைத்தால் அப்கிரேடாக இருக்க வாய்ப்பு அதிகம் என்று சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. பீரோவில் பிரிக்காத புடவை இருக்கிறது, தீபாவளிக்கு எடுத்தது, நல்ல நாளுக்கு என்று. அந்தக் கைதான் இது. மூன்றாவது மாடியில் நண்டு வந்தது, அது நம்மைவிட இரண்டு மடங்கு வேகம், ஓடித் தப்ப முடியாது. பை நிறைய வைத்துக்கொண்டே செத்தார்.

திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாம் போச்சா?"

"போச்சும்மா."

"அப்ப இவ்வளவு நேரம் ஆடினது?"

எனக்கு உடனே பதில் வரவில்லை. அம்மாவின் கேண்டி க்ரஷ்ஷில் 3,412 என்று ஒரு எண் இருக்கிறது. அது குறையாது. மருத்துவமனைத் தாழ்வாரத்தில் தொடங்கி, என் கல்யாணம், பாட்டி போனது, கொரோனா அடைப்பு எல்லாவற்றையும் கடந்து ஏறி வந்த எண். கைப்பேசி மாற்றும்போதெல்லாம் முதல் வேலையாக "அது இருக்கா பாரு" என்பார். என் ஆட்டத்தில் அப்படிச் சேர்வது எதுவும் இல்லை. தீ போஷனைத் தண்ணீருக்குப் பக்கத்தில் நின்று குடிக்க வேண்டும், விஷவாயு என்றால் கதவுக்கு வெளியே போய்விட வேண்டும், இந்த மாதிரி நானூறு சின்ன விஷயம் மண்டைக்குள் இருக்கிறது. என் முதல் வெற்றி ஒன்றரை வருடம் கழித்து வந்தது. இறந்ததெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டால் அங்கேதான் போயிற்று. இதை அம்மாவிடம் சொன்னேன். "அது உனக்குச் சரி" என்றார்.

2025 பிப்ரவரி 9, ஞாயிறு

இரண்டு வாரமாகக் கேண்டி க்ரஷ். 65-வது லெவல். பழைய ஆட்டக்காரர்களுக்கு இந்த எண்ணைச் சொன்னாலே போதும், ஒரு காலத்தில் கூட்டம் கூட்டமாக இங்கேதான் மாட்டிக்கொண்டு நின்றது. பிறகு எளிதாக்கிவிட்டார்கள். நான் கடந்துவிட்டேன், அம்மா 2014-இல் இங்கே இரண்டு மாதம் நின்றாராம்.

எனக்குப் பிடித்தது சாக்லேட். ஒரு மூவில் ஒரு சாக்லேட்டையாவது உடைக்காவிட்டால் அது பக்கத்துக் கட்டத்தைத் தின்று வளரும். மற்றதெல்லாம் அசையாமல் கிடக்கிற பலகையில் இது ஒன்றுக்கு மட்டும் உயிர் இருக்கிறது. பாதாளத்து ஆட்டக்காரனுக்கு உடனே புரியும், இது அரக்கன். முதலில் அதைத் தடுக்க வேண்டும், நம் வேலை பிறகுதான். அம்மா "ஜெல்லியைப் பாரு, ஜெல்லியைப் பாரு" என்றார், நான் சாக்லேட்டைத் துரத்தினேன், ஜெயித்தேன். அந்த லெவலில் நான்தான் சரி.

பிடிக்காதது, தோற்கும் அந்த நொடி. ஒரே ஒரு ஜெல்லி மிச்சம், மூவ் இல்லை, ஐந்து மூவ் வேண்டுமா என்று கேட்கிறது. ஏன் தோற்றேன் என்று அப்போது என் மனம் யோசிக்க வேண்டும், ஆனால் வாங்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிறது. முதல் நாள் எழுதியதில் இந்த ஒன்றை மட்டும் திரும்பப் பெற மாட்டேன். பிக்சல் டஞ்சனில் என் பழைய ஆட்டங்களின் பட்டியலைத் திறந்தால் நண்டு, டெங்கு, பட்டினி, என் தீயிலேயே எரிந்தது என்று வரிசையாக இருக்கும். படித்தால் என் அவசரபுத்தி முழுவதும் தெரியும். கேண்டி க்ரஷ்ஷில் தோற்றதற்கு அப்படி ஒரு பதிவே இல்லை. ஜெயித்தது மட்டும்தான் மிஞ்சுகிறது.

அம்மாவிடம் அந்தத் திரை வந்தால் என்ன நினைப்பீர்கள் என்று கேட்டேன். அப்படி ஒரு திரை வருவதையே அவர் கவனிப்பதில்லை. அதை மூடும் பெருக்கல் குறி எங்கே என்று கைக்குத் தெரியும், அவ்வளவுதான். அந்த நேரத்தில், முதல் நாலு மூவில் எங்கே தப்பு பண்ணினோம் என்று நினைத்துக்கொள்வாராம். இரவு பன்னிரண்டுக்கு ஆடுவதை நான் நிறுத்தி இன்றோடு பத்து நாள், அதையும் இங்கே குறித்து வைக்கிறேன். ஐந்து ஆட்டம், அப்புறம் வைத்துவிடுவது. பாதாளத்துக்கும் அம்மாவின் சட்டம்தான்.

2025 மார்ச் 2, ஞாயிறு

அம்மா விடவில்லை. வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயிறு மதியம், என் கைப்பேசியை வாங்கி ஒரே ஒரு ஆட்டம். இன்று ஐந்தாவது ஆட்டம், முதல்முறையாக ஐந்தாவது மாடி. கூ என்று கரிய கூழ் மாதிரி ஒரு பாஸ். அது உடம்பை உப்பிக்கொண்டால் விலகி ஓட வேண்டும், தண்ணீரில் நின்றால் அதன் உயிர் திரும்ப ஏறும். இதை நான் சொல்லவில்லை. இரண்டு தடவை அடி வாங்கிவிட்டு அவரே சொன்னார், "தண்ணியில நின்னா அது தேறிக்குதுடா, வெளிய இழுக்கணும்."

வெளியே இழுத்தார். பின்வாங்கிப் பின்வாங்கி அம்பு விட்டார். கூ பாதிக்குக் கீழே வந்துவிட்டது, அவருக்கு ஹெச்பி ஆறு. பையில் இந்த முறையும் மூன்று போஷன் சேர்த்து வைத்திருந்தார், எதுவும் என்னவென்று தெரியாது. பச்சை, வெள்ளை, நீலம்.

"போன தடவை நீலம் தீ தானே?"

"ஒவ்வொரு தடவையும் மாறும்மா."

"அப்ப யாருக்கும் தெரியாது."

"தெரியாது."

கொஞ்ச நேரம் பலகை வந்ததும் பார்ப்பாரே, அதே மாதிரி திரையை முழுதாகப் பார்த்தார். பிறகு வேட்டைக்காரியை இரண்டு கட்டம் நகர்த்தித் தண்ணீரில் நிறுத்தினார். தீயாக இருந்தால் அணைய வேண்டும் அல்லவா. நீலத்தைத் திறந்து குடித்தார்.